டாலரின் மருந்துச் செலவு

ஜூன் 5, திங்கள்

எங்கள் குடியிருப்புச் சங்கம் ஏப்ரல் பத்தாம் தேதி பின்புற கேட்டைப் பூட்டியது. அதனால்தான் என் நாய்க்குச் சிறுநீரில் இரத்தம் வருகிறது. இதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன். பிற்பாடு யாரும் வேறு மாதிரிச் சொல்லக் கூடாது.

பூட்டியதற்குக் காரணம், பி பிளாக்கில் ஒரு மோட்டார் பைக் களவு போய்விட்டதாம். களவாணி பின் கேட் வழியாகத்தான் வந்தான் என்பதற்கு யார் சாட்சி? முன் கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். அதைப் பூட்டவில்லையே.

பின் கேட்டைத் தாண்டினால் காலி மனை. என் படிக்கட்டிலிருந்து நாற்பது தப்படி. இப்போது மூன்று பிளாக்கையும் சுற்றி முன் கேட் வழியாக வெளியே போய் ரோட்டைக் கடந்தால்தான் மண்ணைப் பார்க்க முடியும். டாலர் மண்ணில்தான் போகும். சிமெண்டில் போகாது. அப்படி நான் பழக்கவில்லை, அதுவாக வைத்துக்கொண்ட ஒழுங்கு. எனக்கு வலது முழங்கால் சரியில்லை. வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முன்பு நாளைக்கு நான்கு முறை கீழே இறக்குவேன், இப்போது இரண்டு முறை. நாய் அடக்கிக்கொள்கிறது. அடக்கினால் நோய் வரும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கே இது தெரிகிறது. பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற செயலாளர் கனகசபாபதிக்குத் தெரியவில்லை.

டாலர் பெட்டை நாய். வயது ஒன்பது இருக்கும். திருப்பூரில் நான் செக்கிங் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் வாசலில் குட்டியாகக் கிடந்தது. அன்று அமெரிக்காவுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதனால் லோடுமேன்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். நான் வேலையிலிருந்து நின்ற அன்று ஒரு குக்கர் கொடுத்து அனுப்பினார்கள். குக்கரையும் நாயையும் எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் போய்ப் பதினோரு வருடம். பிள்ளைகள் இல்லை.

இரண்டு மாதத்தில் டாலருக்கு இது மூன்றாம் முறை. மருந்துச் செலவைச் சங்கம் தர வேண்டும் என்று இன்று மூன்றாவது மனு கொடுத்தேன். நேற்றிலிருந்து போன தடவை மிச்சம் பிடித்த மாத்திரையைக் கொடுத்து வருகிறேன். நாய் ஆஸ்பத்திரியில் உள்ளே கால் வைத்தாலே முந்நூறு.

ஜூன் 7, புதன்

மனுவுக்குப் பதில் இல்லை. மாத்திரை தீர்ந்தது. இரத்தம் குறையவில்லை.

ஜூன் 8, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மெர்லின் நாகர்கோவில் பக்கத்துப் பெண். முப்பது வயது இருக்காது. நாயின் காதைத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“என்னம்மா, போன மாசம்தானே பதினாலு நாளைக்கு எழுதினேன்? மறுபடியும் வந்திருக்கு?”

“கேட்டப் பூட்டிட்டாங்கல்ல டாக்டரம்மா. அது தொறக்கற வரைக்கும் இப்படித்தான்.”

“எந்த கேட்டு?”

முதலிலிருந்து சொன்னேன். வெளியே ஒரு பூனையும் ஒரு ஆடும் காத்திருந்தன. இருந்தாலும் பொறுமையாகக் கேட்டார். அடக்கி வைப்பது நல்லதில்லைதான் என்று ஒப்புக்கொண்டார். அதை அப்படியே ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னேன். சிரித்தார். தரவில்லை.

“இந்தத் தடவை பாத்துக்கிடுங்க. நாயி நல்லாயிட்டாலும் நிறுத்தக் கூடாது. பதினாலு நாளும், காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கேட்டீங்களா?”

“ம்” என்றேன்.

மருந்து கொடுக்கும் பெண்ணிடம் பத்து மாத்திரை வெட்டித் தரச் சொன்னேன். “இங்க வெட்டிக் குடுக்க மாட்டோமுங்க, முழு அட்டைதான்” என்றாள். இது ஒரு வியாபாரத் தந்திரம். எந்த மெடிக்கலிலும் நாலு மாத்திரை கேட்டால் கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் கொடுக்கிறார்கள். என் அம்மா, என் வீட்டுக்காரர், நான், எங்கள் வீட்டில் யாரும் ஒரு அட்டை மாத்திரையை முழுதாகத் தின்றதில்லை. காய்ச்சல் விட்டால் மாத்திரையையும் விட்டுவிடுவோம். மிச்சம் அடுத்த காய்ச்சலுக்கு.

இருபத்தெட்டு மாத்திரை வாங்கினேன். ஊசி, மாத்திரை, ஃபீஸ், ஆட்டோ எல்லாம் சேர்த்துப் பென்ஷனில் பாதி போனது. பி.எஃப். பென்ஷன் அவ்வளவுதான்.

ஜூன் 13, செவ்வாய்

காலையில் சிறுநீர் தெளிவாக இருந்தது. தயிர்ச்சோற்றை வழித்துத் தின்றது. வாட்ச்மேனைப் பார்த்துக் குரைத்தது. மாத்திரையை நிறுத்தினேன். செக்கிங்கில் ஒரு பீஸ் பாஸ் ஆகிவிட்டால் அதை மறுபடி மேசை மேல் போட மாட்டோம்.

பதினெட்டு மிச்சம். பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தேன். அதில் ஏற்கெனவே வேறு இரண்டு தினுசு இருக்கிறது.

ஜூலை 2, ஞாயிறு

மறுபடியும் வந்துவிட்டது. மாடிப்படியில் இறங்கும்போதே சொட்டியது, பிங்க் நிறத்தில்.

சாயங்காலம் லூர்துமேரி வந்தாள். இவளும் நானும் ஒரே செக்கிங் மேசையில் இருபத்திரண்டு வருடம் எதிரெதிரே நின்றவர்கள். இப்போது சி பிளாக்கில் இருக்கிறாள். வேலையிலும் வாய் ஓயாது, இப்போதும் ஓயாது.

“ஏக்கா, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகலையா?”

“மருந்து இருக்குது.”

“எந்த மருந்து?”

“போன தடவை குடுத்தது.”

“போன தடவை குடுத்தது போன தடவையே தீந்திருக்கணும்ல?”

அவள் துணியில் இருந்த ஒரு கோட்டைக் குறை என்று தப்பாகப் பார்த்து ஒரு முழு லாட்டையே திருப்பி அனுப்பியவள். 1998இல்.

ஜூலை 6, வியாழன்

நின்றுவிட்டது. ஒன்பது மாத்திரையில் முடித்தேன். டாக்டர் ஃபீஸ், ஆட்டோ எல்லாம் மிச்சம்.

ஜூலை 9, ஞாயிறு

வண்டி நிறுத்தும் ஷெட்டில் சங்கக் கூட்டம். இருபது பேர் வந்திருந்தார்கள். என் மனுவைக் கடைசியில் எடுத்தார்கள். கனகசபாபதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“ஏனுங்க்கா, நாயோட மருந்துச் செலவைச் சங்கம் தரோணும்னு எழுதியிருக்கறீங்க. சங்கத்துப் பணம் தண்ணி மோட்டருக்கே பத்தறதில்லீங்களே.”

“கேட்டப் பூட்டுனது சங்கந்தானுங்க? பூட்டுனதால வந்த செலவு யாரோடதுங்க?”

பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்: “அப்படியே டாலருக்கு மாசம் ஒரு பேட்டா போட்டுருங்க சார்.” எல்லோரும் சிரித்தார்கள். பைக் பறிகொடுத்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சொன்னார்: “நானும் எட்டு மாசம் டியூ கட்டுன வண்டிங்க அது. எனக்கு யாருங்க தருவாங்க?”

அவருக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய வண்டியை நான் எடுக்கவில்லை.

கேட் திறக்கும் வரை மாதச் சந்தா கட்ட மாட்டேன் என்று எழுந்து நின்று சொன்னேன். அந்தப் பணம் டாலரின் மருந்துக்கு. இதை மினிட்ஸில் எழுதச் சொன்னேன். எழுதினார். எழுதியதை வாங்கிப் படித்துப் பார்த்தேன். ‘மாத’ என்பதற்குக் கால் விடுபட்டிருந்தது. போட வைத்தேன்.

ஜூலை 19, புதன்

இந்த முறை இரத்தம் மட்டுமில்லை. முக்குகிறது. குனிந்து நிற்கிறது, இரண்டு சொட்டு வருகிறது, நகர்ந்து இன்னொரு இடத்தில் குனிகிறது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பதினாறு இடத்தில் குனிந்தது. நாற்றம் வேறு. மிச்சமிருந்த ஒன்பதில் ஐந்தைத் திங்கட்கிழமையிலிருந்து கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

டாக்டரம்மா முதலில் கல்ச்சர் பார்க்க வேண்டும் என்கிறார். சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகும் என்று கண்டுபிடிப்பார்களாம். அதற்கு ஒரு தொகை. ‘எந்த மருந்துக்குச் சாகும் என்று தெரியாமலா இத்தனை நாள் கொடுத்தீர்கள்?’ என்று கேட்டேன். “ஆரம்பத்துல சாதாரண மருந்துக்கே கேட்டிருக்கணும்மா” என்றார்.

நாளை காலை முதல் சிறுநீரைப் பிடித்துக் கொண்டுவர வேண்டும்.

ஜூலை 20, வியாழன்

பிடித்தேன். சுடுதண்ணீரில் கழுவிய குழிக்கரண்டியை ஒரு கையிலும் கயிற்றை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு ரோட்டோரத்தில் நாய்க்குப் பின்னால் குனிந்து நடந்தேன். டாலர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. இத்தனை வருடத்தில் நான் இப்படிப் பின்னால் வந்ததில்லை. வெட்கப்பட்டு நடந்துகொண்டே இருந்தது. பால் வண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, “ஏனுங்கம்மா, சாம்பாரா?” என்று கேட்டார். கடைசியில் ஒரு வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் கால் கரண்டி கிடைத்தது. பெட்ரோல் பங்க் வரைக்கும் நடந்தோம். முழங்கால் வீங்கிவிட்டது.

ஜூலை 24, திங்கள்

கல்ச்சர் ரிசல்ட். ஒரு பக்கம் முழுக்க மருந்துப் பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆர் அல்லது எஸ். இங்கிலீஷ் எழுத்தை நான் துணி லேபிளில் கூட்டிக் கூட்டிப் படித்துக் கற்றவள். ஆர் என்றால் ரிஜெக்ட் என்று நானே நினைத்துக்கொண்டேன். டாக்டரம்மா கிட்டத்தட்ட அதுதான் என்றார். அந்த மருந்தைக் கிருமி மதிக்காது. பதினான்கு மருந்தில் பன்னிரண்டு ஆர். எஸ் போட்ட இரண்டும் ஊசி. இரண்டும் விலை அதிகம்.

காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமலே டாக்டரம்மா கேட்டார்:

“அம்மா, மாத்திரை எல்லாம் முழுசா குடுத்தீங்கதானே?”

“குடுத்தேன்” என்றேன்.

கொடுத்தது உண்மை. எத்தனை என்று அவர் கேட்கவில்லை.

பத்து நாள் ஊசி, தினமும் நேரில் வர வேண்டும். தன் ஃபீஸ் வேண்டாம், மருந்து விலை மட்டும் போதும் என்றார். நான் யாரிடமும் இனாம் கேட்டு வரவில்லை என்று சொல்லிவிட்டு ஃபீஸையும் மேசை மேல் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்.

ஜூலை 26, புதன்

கம்பெனியிலிருந்து பிசிறு வெட்டும் வேலையைக் கூடுதலாகக் கேட்டு வாங்கினேன். தைத்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்ட வேண்டும், பீஸுக்கு ஐம்பது பைசா. முன்பு நாளைக்கு ஒரு கட்டு எடுப்பேன். இப்போது மூன்று. மூன்று கட்டு என்றால் முந்நூறு பீஸ். உட்கார்ந்தால் எழ முடியாது.

ஜூலை 29, சனி

மதியம் டாலர் கதவருகே போய் நின்று இரண்டு முறை குரைத்தது. இந்தக் கட்டு முடியட்டும் என்றேன். படுத்துக்கொண்டது. ஐந்து மணிக்குக் கட்டு முடிந்தது. அதற்குள் ஆட்கள் வந்து அடுத்த கட்டை இறக்கினார்கள், எண்ணி வாங்க வேண்டியிருந்தது. ஆறே காலுக்கு இறங்கினோம். மூன்று பிளாக்கைச் சுற்றி. பின் கேட் திறந்திருந்தால் நடுவில் ஒரு நிமிடத்தில் இறக்கி ஏற்றியிருப்பேன். இதையும் சங்கத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஜூலை 31, திங்கள்

ஏழு ஊசி ஆனது. இரத்தமில்லை, முக்கவில்லை. கம்பெனியில் புதன்கிழமைக்குள் சரக்கு கேட்கிறார்கள். நாளை முதல் போகவில்லை. மூன்று ஊசியின் பணம் கையில் நிற்கிறது.

டாக்டரம்மா போன் செய்தார். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 11, வெள்ளி

இன்று கனகசபாபதி என் வீட்டுக்கு வந்தார். மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கினார். தண்ணீர் கொடுத்தேன். பாதி குடித்தார். சட்டைப் பையிலிருந்து சிவப்புக் கயிறு கட்டிய ஒரு சாவியை எடுத்தார்.

“இது பின் கேட்டுச் சாவிங்க்கா. நான் தனிப்பட்ட முறையில தர்றனுங்க. நீங்க பாட்டுக்குத் தொறந்து நாயக் கூட்டிட்டுப் போங்க, மறக்காமப் பூட்டிருங்க.”

“தீர்மானம் போட்டீங்களா?”

“தீர்மானமெல்லாம் வேண்டாமுங்க. மினிட்ஸ்ல எழுதுனா ஆளாளுக்குச் சாவி கேப்பாங்க. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டுமுங்க.”

“தீர்மானம் போட்டுப் பூட்டுனீங்க. தீர்மானம் போட்டுத் தொறங்க. ஒளிச்சு ஒளிச்சுச் சாவி வாங்கறதுக்கு நான் என்ன பைக் களவாணிங்களா?”

“அக்கா, நாயப் பாருங்க. அதுக்காகத்தான் வந்தேன்.”

டாலர் அவர் காலடியில் போய் உட்கார்ந்து சாவியை மோந்தது. அவர் அதன் தலையைத் தடவினார். பேங்க் மேனேஜர் நாயைத் தொடுவதை இன்றுதான் பார்த்தேன். சாவியைச் செருப்பு ஸ்டாண்ட் மேல் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

வாங்கினால் நான் கேட்டது சலுகை என்று ஆகிவிடும். நான் சலுகை கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கி, ஏ பிளாக்கில் அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். டாலரும் கூடவே இறங்கி வந்தது. வெளியே போகிறோம் என்று நினைத்திருக்கும். வந்த வேலை முடிந்ததால் இரண்டு பேரும் மேலே ஏறினோம்.

ஆகஸ்ட் 12, சனி

செய்தி அதற்குள் சி பிளாக்குக்குப் போய்விட்டது. லூர்துமேரி வாசலிலேயே நின்று கத்தினாள். உள்ளே வரவில்லை.

“உனக்கு நாயி வேணுமா, இல்ல செயிக்கணுமா?”

“ரெண்டும்.”

“ரெண்டும் கெடைக்காதுக்கா. அந்த மனுசன் பிரஷருக்கு மாத்திரை திங்கறவரு, மூணு மாடி ஏறி வந்து கையில குடுத்திருக்காரு. கும்புட்டு வாங்கியிருக்கணும் நீ.”

“நீ வாங்குவ. உனக்கு எதுவும் பாஸ்தான்.”

“ஆமா, பாஸ்தான். அதனாலதான் என் வீட்டுக்கு நாலு பேரு வர்றாங்க. உன் வீட்டுக்கு நானு மட்டுந்தான் வர்றேன்.”

போய்விட்டாள். வரட்டும், வராமல் போகட்டும். அவள் கொண்டுவந்த மீன் தலைகள் வாசலில் ஒரு கவரில் இருந்தன. வேக வைத்துக் கொடுத்தேன். டாலர் தின்றது.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இரண்டு நாளாகச் சாப்பாடு வேண்டாம் என்கிறது. தண்ணீர் மட்டும் குடித்துக்கொண்டே இருக்கிறது. பார்லி கொதிக்க வைத்துக் கொடுத்தேன். வாந்தி.

ஆகஸ்ட் 23, புதன்

டாக்டரம்மா ஸ்கேன் எடுத்தார், இரத்தம் எடுத்தார். சிறுநீர்ப் பையில் கல். கிருமி கல்லுக்குள் குடியிருக்கிறதாம். அது மேலே ஏறி இரண்டு கிட்னியையும் பிடித்துவிட்டது. இரத்தத்தில் ஒரு கணக்கு ஒன்றரைக்குள் இருக்க வேண்டுமாம். டாலருக்கு ஏழு.

நான்கு மணி நேரம் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெரிய வீட்டு நாய்க்கு நகம் வெட்டினார்கள், அது ஊரையே கூட்டியது. டாலர் சத்தமே போடவில்லை.

ஆகஸ்ட் 24, வியாழன்

இன்று பிஸ்கட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். தினமும் குளுக்கோஸ், தினமும் ஊசி என்றால் தாக்குப் பிடிக்க முடியாது. கையில் இருப்பதில் ஏதாவது உதவுமா என்று பார்க்கத்தான்.

டாக்டரம்மா டப்பாவைத் திறந்து பார்த்தார். பிறகு மேசை மேல் ஒரு துணியை விரித்து எல்லாவற்றையும் கொட்டினார். தினுசு தினுசாகப் பிரித்து வைத்தார். நாங்கள் பீஸ் பிரிப்பது போலவே.

“இது என்னம்மா?”

“நீங்க எழுதுனதுதான். முன்னாடி வேற டாக்டர் எழுதுனதும் இருக்குது. எதையும் வீணாக்கலைங்க. இதுல ஏதாச்சும் ஆகும்னா புதுசு வாங்க வேண்டியதில்லைல்ல.”

எண்ணினார். மறுபடி எண்ணினார். நாற்பத்தொன்று.

“முழுசா குடுத்தீங்களான்னு நான் கேட்டேன்லா?”

“கேட்டீங்க.”

“குடுத்தேன்னீங்க.”

“குடுத்தேன். நல்லானதும் நிறுத்திப் போட்டேன். நல்லாயிட்ட நாய்க்கு எதுக்கு மருந்து?”

அவர் திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார்.

“முதல் அஞ்சு நாள்ல சொத்தைக் கிருமி எல்லாம் செத்துரும்மா. நாயி நல்லாயிட்ட மாதிரி தெரியும். கெட்டியான கிருமி கொஞ்சம் மிஞ்சி நிக்கும். மிச்ச ஒம்பது நாளு அதுக்குத்தான். நீங்க நிறுத்துன ஒவ்வொரு தடவையும் கெட்டியானது மட்டும் பெருகியிருக்கு. இந்தத் துணி மேல இருக்கது எல்லாம் டாலருக்கு உள்ள போயிருக்க வேண்டியது.”

“இப்பக் குடுத்தா?”

“இப்ப இது எதையும் அது மதிக்காதும்மா.”

மாத்திரைகளை அவரே திரும்ப டப்பாவில் போட்டார். ஒன்று உருண்டு கீழே விழுந்தது. குனிந்து தேடி எடுத்து அதையும் போட்டார்.

கேட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாத்திரைகளைக் குப்பையில் கொட்டிவிட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். இன்று பிசிறு வெட்டவில்லை.

ஆகஸ்ட் 26, சனி

ஒரு டாக்டர் சொல்வதை மட்டும் வைத்து விட்டுவிட முடியாது. சரக்கு ஆட்டோ பிடித்து, சாக்கு விரித்து, டாலரைப் படுக்க வைத்துக் கால்நடைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டரை மணி நேரம். லூர்துமேரி கூப்பிடாமலே வந்து ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இது முதல் முறை.

அங்கே மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். கல்லை எடுக்க மயக்க மருந்து கொடுத்தால் கிட்னி தாங்காது, எழாது என்றார்கள். கல்ச்சர் காகிதத்தைப் பார்த்த வயதான டாக்டர், “இவ்வளவு ஆரா?” என்று பக்கத்திலிருந்தவரிடம் காட்டினார். மாணவர்கள் சிலர் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது லூர்து கேட்டாள்: “என்னக்கா சொன்னாங்க?”

“ரிஜெக்ட்” என்றேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

விடியற்காலையில் எழுந்தபோது கூடத்தில் ஈரம். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக டாலர் சிமெண்டில் போயிருக்கிறது. என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. பின்னங்கால் நடுங்கியது. துடைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டவில்லை என்று சொன்னேன். நான் திட்டவில்லை.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

டாக்டரம்மா வேலை முடிந்து போகிற வழியில் வீட்டுக்கு வந்தார். டாலர் வாலை மட்டும் ஒரு முறை தரையில் தட்டியது.

“இன்னும் ஒரு வாரம் குளுக்கோஸ் ஏத்தலாம்மா. நான் காசு கேக்கல. ஆனா அது அதுக்காக இருக்காது, உங்களுக்காகத்தான் இருக்கும். இனி அதுக்கு மிஞ்சியிருக்கது வலி மட்டும்தான்.”

“தூங்க வெக்கறதுன்னு சொல்றாங்களே, அதா?”

“ஆமாம்மா. வலிக்காது. ரெண்டு ஊசி. ஒரு படிவத்துல நீங்க கையெழுத்துப் போடணும்.”

படிவத்தை வாங்கிப் படித்தேன். நாயின் பெயர், வயது, உரிமையாளர் பெயர், காரணம். காரணம் என்பதற்கு எதிரே ஒரு நீளக் கோடு. “அதை நான் எழுதிக்கிடுதேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க” என்றார். வேண்டாம், நாளை மறுநாள் தருகிறேன் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30, புதன்

டாலர் காலையிலிருந்து எழவில்லை. ஈரத் துணியால் வாயைத் துடைத்தால் நக்குகிறது. கம்பெனிக் கட்டுகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டேன். நாளை நடக்க வேண்டியவற்றை யார் யார் செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கிறேன். லூர்துவிடம் சொல்லி உரியவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

செயலாளர் கனகசபாபதி: காலை ஐந்தரை மணிக்குப் பின்புற கேட்டைத் திறந்து வைக்க வேண்டும். சாவி என்னிடம் தர வேண்டாம். அவரே வந்து திறக்க வேண்டும். பகல் பன்னிரண்டு வரை பூட்டக் கூடாது. தீர்மானம் தேவையில்லை.

வாட்ச்மேன்: காலி மனையின் வேலியோரம், கருவேலம் இல்லாத பக்கம், மூன்றடி ஆழம் குழி வெட்ட வேண்டும். இரண்டடியில் நிறுத்தக் கூடாது, நான் அளந்து பார்ப்பேன். கூலி கொடுத்துவிடுவேன். தூங்குகிறார் என்று அவரைப் பற்றி நான் எழுதிய மனுவை அவர் மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது.

டாக்டர் மெர்லின்: எட்டு மணிக்கு வர வேண்டும். மேசை மேல் வைக்கக் கூடாது. அது மண்ணில் படுத்திருக்கும்போதே ஊசி போட வேண்டும். இரண்டு ஊசியையும் முழுதாகப் போட வேண்டும். ஃபீஸை இந்த முறை வாங்கக் கூடாது. நான் கொடுக்கப் போவதில்லை.

லூர்துமேரி: மூன்று மாடி இறக்க என்னால் மட்டும் முடியாது. சாக்கின் ஒரு முனையைப் பிடிக்க வேண்டும். டாலருக்கு அவளை நான் இல்லாதபோதும் பிடிக்கும், அதனால் ஊசி போடும்போது தலைப்பக்கம் அவள் உட்காரலாம். பேசலாம். என்ன வேண்டுமானாலும் பேசலாம்.

பைக் பறிகொடுத்தவர்: எதுவும் செய்ய வேண்டியதில்லை. கேட் திறந்திருக்கும் நேரத்தில் வேண்டுமானால் பக்கத்தில் நிற்கலாம்.

நான்: படிவத்தில் காரணம் என்ற கோட்டை நிரப்ப வேண்டும். டாக்டரம்மாவிடம் அதை விட்டுவிடக் கூடாது. இன்றிரவே எழுத வேண்டும், அடித்து எழுதக் கூடாது, கேட் என்று எழுதக் கூடாது.

நான்: நிறுத்தி வைத்த இரண்டு மாதச் சந்தாவைக் கட்ட வேண்டும்.

நான்: ஐந்தரைக்கே டாலரை மண்ணில் கொண்டுபோய் வைக்க வேண்டும். இடுப்புக்குக் கீழே துண்டைச் சுற்றித் தூக்கிப் பிடித்து, அது நிற்பது போல நிற்க வைக்க வேண்டும். அதற்கு வருகிறதோ வரவில்லையோ, எட்டு மணி வரை ஆனாலும், போதும் வா என்று சொல்லக் கூடாது.